மண் பதம் பார்த்து நடப்போம்: பெங்களூருக்கு வெளியே கோலோடு ஒரு மழைக்கால நடை

முட்டி தேய்ந்தவர்கள், இடுப்பில் அறுவை செய்துகொண்டவர்கள், பக்கவாதம் வந்து மீண்டவர்கள், சின்ன வயதில் போலியோ வந்த காலோடு வாழ்பவர்கள் என்று நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மழைக்காலம் தொடங்கியதும் இவர்கள் வெளியே போவது நின்றுவிடுகிறது. "வழுக்கும், விழுந்தால் யார் பார்ப்பது?" என்று வீட்டில் தடுப்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெங்களூரைச் சுற்றியுள்ள கிராம நிலம் வருடத்திலேயே அழகாக இருப்பது அந்த மாதங்களில்தான். கேழ்வரகு பச்சைப் பசேலென்று நிற்கும். ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கும். தூக்கணாங்குருவிகள் ஈச்ச மரத்தில் கூடு கட்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்க முடியாமல் அடுக்குமாடிக்குள் உட்கார்ந்திருப்பது பெரிய இழப்பு.

நான் அல்சூரில் இருக்கிறேன். வலது முட்டி தேய்ந்து ஆறு வருடமாகக் கோல் பிடித்து நடக்கிறேன். என் மாமியாரைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போகிறோம். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, மண் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். பாகுக்குப் பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மண்ணுக்குப் பதம் பார்க்கவும் சீக்கிரமே வந்துவிடும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. சமீபத்தில் அறுவை நடந்திருந்தாலோ, தலைச்சுற்றலோ நெஞ்சு அடைப்போ இருந்தாலோ, உங்கள் மருத்துவரிடம் "மேடு பள்ளமான மண்ணில் நடக்கலாமா?" என்று அதே வார்த்தைகளில் கேளுங்கள். "நடக்கலாமா?" என்று மட்டும் கேட்டால் வீட்டுக்குள் நடப்பதை நினைத்துக்கொண்டு சரி என்று சொல்லிவிடுவார்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். இங்கே இடிமழை பெரும்பாலும் மாலையில் இறங்கும். ஏப்ரல், மே மாதத்து மாம்பழ மழையும் அப்படித்தான், செப்டம்பர், அக்டோபர் மழையும் அப்படித்தான். அதனால் காலை நேரம் நமக்குச் சொந்தம். ஆனால் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டாம். பனியும் ஈரமும் புல்லின் மேல் அப்படியே இருக்கும். எட்டரை மணிக்கு மேல் வெயில் மண்ணைத் தொட்ட பிறகு இறங்குங்கள், பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள்.

முந்தின நாள் மாலை தூறல் மட்டும் போட்டிருந்தால் மறுநாள் காலையே போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கொட்டித் தீர்த்திருந்தால் இரண்டு நாள் விடுங்கள். ஏரியை ஒட்டிய தாழ்வான இடம் என்றால் ஒரு வாரம்கூட ஆகும். வங்கக் கடலில் புயல் சின்னம் வந்தால் இங்கே நாள் முழுவதும் சிணுங்கல் மழையாக இருக்கும். அந்த நாட்களில் மண் காயவே காயாது, அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். வெளியே இருக்கும்போது இடிச்சத்தம் காதில் விழுந்தால் யோசிக்காமல் காருக்குத் திரும்புங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகும்வரை இறங்காதீர்கள். மெதுவாக நடப்பவர்கள் முதல் இடியிலேயே திரும்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

முதல் முறை போகிறவர்களுக்கு அக்டோபர் பின்பாதியிலிருந்து டிசம்பர் நடு வரை நல்ல காலம். மழை ஓய்ந்துகொண்டிருக்கும், நிலத்தில் ஈரம் இருக்கும், வடக்கிலிருந்து வலசைப் பறவைகளும் வந்து சேரும்.

மண்ணைப் படிப்பது

கனடாவில் இருக்கும் என் தங்கை மகள் ஒருமுறை சொன்னாள். அங்கே மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போது மேல்மண் மட்டும் இளகிவிடுமாம், அடிமண் இன்னும் உறைந்தே கிடக்குமாம். உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே நின்று, பாதை முழுக்கச் சகதியாகிவிடும். கோல் பிடித்து நடப்பவர்கள் அந்தச் சில வாரம் மண் பாதைப் பக்கமே போகாமல் தார் ரோட்டில் நடப்பார்களாம். கேட்டதும் நம் ஊர் டிராக்டர் பாதைதான் என் நினைவுக்கு வந்தது. இங்கே உறைபனி கிடையாது. ஆனால் டிராக்டர் ஓடி ஓடி அடிமண் இறுகிப்போய்க் கல் மாதிரி கிடக்கிறது. மழைத் தண்ணீர் அதற்குள் இறங்காது. மேலே அரை விரற்கடைக்கு மட்டும் வழவழப்பாக ஒரு தோல் பிடிக்கும். பார்க்கக் கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் சர்ரென்று போகும். நான் முதல் முறை விழுந்தது அப்படி ஒரு பாதையில்தான். சேற்றுக்குப் பயந்து சேற்றைத் தாண்டி, கெட்டியாகத் தெரிந்த இடத்தில் கால் வைத்தேன்.

அதனால் வண்டித் தடத்தில் நடக்காதீர்கள். இரண்டு தடங்களுக்கும் நடுவில் குட்டையான புல் முளைத்த மேடு இருக்கும், அதன் மேல் நடங்கள். புல் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும், கோலும் அங்கே நன்றாக ஊன்றும். ஆனால் புல் கணுக்கால் உயரத்துக்கு மேல் போனால் வேண்டாம். கீழே குழி இருந்தாலும் தெரியாது, பாம்பு இருந்தாலும் தெரியாது.

பெங்களூரைச் சுற்றி அதிகம் இருப்பது செம்மண். மணல் கலந்திருப்பதால் தண்ணீரைச் சீக்கிரம் உள்ளே விட்டுவிடும், நமக்கு ஏற்ற மண். ஏரியின் உட்புறத்தில் இருப்பது கறுத்த வண்டல், களிமண். அது காலையும் விடாது, கோலையும் விடாது. மேலே வெடித்துக் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே கூழாக இருக்கும். ஏரி உட்பக்கம் ஒருபோதும் இறங்க வேண்டாம். பாசி பிடித்த பாறையும் கல் படியும் அடுத்த ஆபத்து. தைலமரத் தோப்பில் உரிந்து விழுந்த பட்டையும் இலையும் நனைந்து கிடக்கும். அதன் மேல் கோலின் ரப்பர் நிற்கவே நிற்காது.

இறங்கும் முன் மூன்று சோதனை செய்கிறேன். முதலாவது, உழவர்கள் செய்வது. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தாலோ, கையில் சந்தனம் மாதிரி இழுபட்டாலோ இன்றைக்கு நடை இல்லை. உருண்டையாகப் பிடிபட்டு, கட்டைவிரலால் அழுத்தினால் உதிர்ந்துபோனால் பதம் சரி. குனிய முடியாதவர்கள் கூட வருபவரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆனால் அழுத்திப் பார்ப்பது உங்கள் கையாக இருக்கட்டும். இரண்டு மூன்று முறையில் கைக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது கோல் சோதனை. காரிலிருந்து இறங்கி, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, கோலை உங்கள் எடை இறங்கும்படி ஊன்றுங்கள். ஒரு விரற்கடை புதைந்தால் பரவாயில்லை. இரண்டு விரற்கடைக்கு மேல் போனால் ஏறி உட்காருங்கள், வேறு இடம் பார்க்கலாம்.

மூன்றாவது, ஏற்கனவே அங்கே போனவர்களின் தடம். மாட்டுக் குளம்பு பதிந்த குழிகளில் தண்ணீர் நிற்கிறதா? பைக் டயர் தடம் நேராகப் போகிறதா, நெளிந்து நெளிந்து போகிறதா? நெளிந்திருந்தால் வண்டி வழுக்கியிருக்கிறது. செருப்புத் தடத்தில் குதிகால் பக்கம் நீளமாக இழுபட்டிருந்தால் யாரோ சறுக்கியிருக்கிறார்கள். காரில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் படித்துவிடலாம்.

எங்கே தொடங்குவது

முதலில் ஊருக்குள்ளேயே ஏதாவது ஓர் ஏரிக்கரைப் பாதையில் இரண்டு மூன்று வாரம் பழகுங்கள். ஜக்கூர் ஏரி எனக்குப் பிடித்த இடம். சுத்திகரித்த கழிவுநீர் ஒரு செயற்கைச் சதுப்பு நிலத்தின் வழியாக வடிந்து ஏரிக்கு வருகிறது. அந்தச் சதுப்பில் நீலத் தாழைக்கோழிகள் நாணல் நடுவே நடந்துகொண்டிருக்கும். பாதை பெரும்பாலும் சமதளம்.

அடுத்து, மைசூர் சாலைப் பக்கம் ராமோஹள்ளி அருகே கேதோஹள்ளியில் இருக்கும் பெரிய ஆலமரம். தொட்ட ஆலத மர என்று கேட்டால் எல்லோரும் வழி சொல்வார்கள். சுமார் 400 வயது என்கிறார்கள், ஏறக்குறைய மூன்று ஏக்கர் பரவியிருக்கிறது. தாய்மரம் பட்டுப்போய், விழுதுகள்தான் இன்று தோப்பாக நிற்கின்றன. தோப்பு நிழலும், பழைய விழுதுகளின் பிரம்மாண்டமும் பத்து நிமிட நடையிலேயே கிடைத்துவிடும். இரண்டு எச்சரிக்கை: தரையில் வேர் புடைத்திருக்கும், ஒவ்வொரு அடியையும் பார்த்து வையுங்கள். அப்புறம் குரங்குகள். கையில் பிளாஸ்டிக் பையோ தின்பண்டமோ இருந்தால் பிடுங்க வரும், அந்தத் தள்ளுமுள்ளில் நாம் தடுமாறிவிடுவோம். சாப்பாட்டைக் காரிலேயே வையுங்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு ஹெசரகட்டா. 1894இல் பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க அர்க்காவதி ஆற்றின் குறுக்கே கட்டிய ஏரி அது. பக்கத்தில் பரந்த புல்வெளி, சமமான நிலம், திறந்த வானம். நகரத்தில் இவ்வளவு வானத்தை ஒரே இடத்தில் பார்க்க முடியாது. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் புல்லைத் தடவுவது போலத் தாழப் பறக்கும். நிழல் கிடையாது, தொப்பி அவசியம். சுற்றிலும் அரசு கால்நடைப் பண்ணைகள் இருப்பதால், எந்தப் பக்கம் இறங்கலாம் என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இறங்கவே முடியாத நாளில்கூட ரோட்டோரமாகக் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு அரை மணி நேரம் உட்காரலாம். என் மாமியாருக்கு மிகவும் பிடித்த காலை அப்படி ஒன்றுதான்.

நந்தி மலை 1478 மீட்டர். வண்டி மேலே வரை போகும் என்பதால் பலரும் வயதானவர்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறார்கள். மழைக்காலத்தில் வேண்டாம். மூடுபனியில் கருங்கல் நனைந்து எண்ணெய் தடவியது போல இருக்கும், கூட்டமும் இடிக்கும்.

வழி கேட்பது

தமிழிலிருந்து வரும் நாம் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கன்னடத்தில் ஏரிக்குப் பெயர் "கெரெ". "ஏரி" என்று அவர்கள் சொன்னால் ஏரியின் கரை. "ஏரி மேலெ ஹோகி" என்றால் கரை மேல் போங்கள் என்று அர்த்தம். மிகுந்த தண்ணீர் வழியும் கலிங்குக்கு "கோடி" என்பார்கள். "கெரெ கோடி பித்திதெ" என்று யாராவது சொன்னால், ஏரி நிரம்பி வழிகிறது. அந்தப் பக்கம் கல் முழுக்கப் பாசியும் ஓடும் தண்ணீரும்தான், போக வேண்டாம்.

"முந்தெ கெசரு இதெயா?" என்றால் முன்னால் சேறு இருக்கிறதா. "காலு ஜாருத்தா?" என்றால் கால் வழுக்குமா. "இல்லி ஸ்வல்ப கூத்கோபோதா?" என்றால் இங்கே கொஞ்சம் உட்காரலாமா. இந்த மூன்றும் போதும். ஹொசகோட்டை, மாலூர், ஆனேக்கல் பக்கம் தமிழோ தெலுங்கோ தெரிந்தவர்கள் நிறையப் பேர். வேலி இருந்தால், தோட்டம் என்று தெரிந்தால், கேட்காமல் நுழையாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் உள்ளே கூப்பிடுவார்கள். ஆனேக்கல் பக்கம் ஒரு விவசாயி என் கோலைப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் வரப்பு ஒடிஞ்சிருக்கும்மா, இந்தப் பம்புசெட் ஓரமா வாங்க" என்று தானே முன்னால் நடந்தார். வரப்பு மேல் நீங்களாக நடக்க வேண்டாம். கோல் ஊன்ற அகலம் கிடையாது, அவர்கள் உழைத்துக் கட்டிய வரப்பும் இடியும்.

கோல், ஷூ, நாற்காலி

கோலின் உயரத்தை ஷூ போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். மண்ணில் புதையும் என்பதால், உயரம் மாற்றக்கூடிய கோலாக இருந்தால் ஓர் ஓட்டை கூட்டிக்கொள்ளுங்கள். வலிக்கிற காலுக்கு எதிர்ப் பக்கக் கையில் பிடிப்பதுதான் முறை. பலரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், எடை திரும்ப அந்தக் காலுக்கே போகிறது. அடி ரப்பரில் வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். மருந்துக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அகலமான ரப்பர் கிடைத்தால் ஈர மண்ணுக்கு அதுதான் நல்லது. நாலு கால் கோல் வீட்டுத் தரைக்கு அருமையான துணை. மேடு பள்ளத்தில் நாலு காலும் ஒன்றாகப் பதியாமல் ஆடும், அதை நம்பி எடையைப் போடாதீர்கள். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் கம்பு இரண்டு கையிலும் பிடிக்க முடிந்தால் முட்டிக்கு நல்ல ஆறுதல்.

ஷூ குதிகாலை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அடியில் ஆழமான வரிகள் இருக்க வேண்டும். ஹவாய் செருப்பு கூடவே கூடாது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் சாக்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். நெருஞ்சி முள் குத்தினாலும் காலுக்குத் தெரியாமல் போகலாம்.

சக்கர நாற்காலியின் பெரிய சக்கரம் அவ்வளவாகப் புதையாது, முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம்தான் மண்ணில் குத்திக்கொள்ளும். அப்போது முன்னால் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடுவார். நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இழுங்கள். பெரிய சக்கரம் முதலில் போகும், சின்னது அதன் பின்னால் வரும். சரிவில் இறங்கும்போதும் பின்பக்கமாகத்தான். இடுப்புப் பெல்ட் மாட்டியிருக்க வேண்டும், இரண்டு பேர் கூட இருக்க வேண்டும். பின்பக்கமாகப் போகும்போது அவருக்கு எதுவும் தெரியாது என்பதை மறந்துவிடக் கூடாது. "அத்தை, ஒரு சின்ன மேடு வருது, லேசா குலுங்கும்" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டே இழுங்கள்.

ஒரு மடக்கு ஸ்டூல் கண்டிப்பாக வேண்டும். உட்கார இடம் தேடி அலைவதில்தான் நம் பாதிப் பலம் போகிறது. அப்புறம், வழியில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் கிளம்புவது நம் பெண்களின் பழக்கம். தலைசுற்றி விழ அதுவே காரணமாகிவிடும். நெடுஞ்சாலையை விட்டுக் கிராமச் சாலையில் திரும்பும் முன் ஒரு ஹோட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டியைத் திரும்பி வரும்வரை பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வாடகைக் கார் கூப்பிட்டு வரவழைக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

நடக்கும்போது

உங்களால் 30 நிமிடம் நடக்க முடியும் என்றால் பத்தாவது நிமிடத்தில் திரும்புங்கள். மீதி இருபதும் திரும்பி வரவும் தடுமாறாமல் இருக்கவும் வேண்டும். ஈர மண்ணில் களைப்பு சீக்கிரம் வரும், களைத்த கால்தான் சறுக்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

அடியைச் சின்னதாக வையுங்கள். குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதம் முழுவதையும் ஒரேயடியாகத் தட்டையாகப் பதியுங்கள். முதலில் கோல், அது நின்ற பிறகு கால். மேடு ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோலும் வலிக்கிற காலும் முதலில். குட்டையின் ஆழம் தெரியாது, சுற்றிப் போங்கள். கால் சேற்றில் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்க வேண்டாம். ஸ்டூலிலோ கூட வருபவர் தோளிலோ எடையைக் கொடுத்து, குதிகாலை முதலில் மெல்ல அசைத்து எடுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். மண்ணின் அழகெல்லாம் உட்கார்ந்தால்தான் கண்ணில் படும். முதல் மழைக்குப் பிறகு செம்மண்ணில் வெல்வெட் துண்டு மாதிரி சிவப்பாக ஊரும் தம்பலப்பூச்சியை, வேகமாக நடந்து போகிறவர்கள் பார்த்ததே இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் முப்பது வருடம் கழித்து மறுபடி பார்த்தேன். ஊரில் தாத்தா தீப்பெட்டியில் பிடித்துக் கொடுத்தது நினைவுக்கு வந்து அழுகை வந்துவிட்டது.

பாம்பைப் பற்றி: புல்லோரம் கோலைத் தட்டிக்கொண்டே நடங்கள், கல் குவியலில் உட்காராதீர்கள், கை வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. அந்தக் காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். 108க்குக் கூப்பிடுங்கள்.

விழுந்துவிட்டால்

இதை வீட்டில் மெத்தை மேல் முன்பே பழகுங்கள். பழகியவர்களுக்குப் பயம் பாதியாகக் குறையும்.

விழுந்ததும் எழுந்திருக்காதீர்கள். கூட வந்தவர்கள் பதறிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள், அதில்தான் தோள் பிசகும், சேற்றில் அவர்களும் சறுக்குவார்கள். "ஒரு நிமிஷம், தொடாதீங்க" என்று சொல்லுங்கள். படுத்தபடியே கால் விரல்களை அசைத்துப் பாருங்கள். இடுப்பிலோ தொடையிலோ தாங்க முடியாத வலி, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிவது, தலையில் அடி, இவற்றில் எது இருந்தாலும் அசையாமல் 108.

ஒன்றும் இல்லை என்றால் ஒருக்களித்துப் படுங்கள். கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். முட்டி போட முடிந்தவர்கள் நாலு காலில் வந்து, கூட வருபவர் அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்டூலில் இரண்டு கையையும் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழுந்து, அப்படியே திரும்பி அதிலேயே உட்காருங்கள். என்னைப் போல முட்டி போட முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகர்ந்து, கல் படியோ கரை மேடோ இருக்கும் இடம் வரை போய், கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தில் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்து எழலாம். புடவையெல்லாம் சேறாகும், ஆகட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு கார் வரை மட்டும் நடங்கள். அன்றைய நடை அத்தோடு போதும்.

திரும்பியதும்

கோலின் ரப்பரையும் ஷூவின் அடியையும் வாசலிலேயே கழுவுங்கள். காய்ந்த செம்மண் ஒட்டிய ரப்பர் வீட்டு டைல்ஸில் வழுக்கும். வெளியே பத்திரமாக நடந்துவிட்டு வீட்டுக் கூடத்தில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்துத் துடையுங்கள்.

மறுநாள் காலை எழுந்ததும் முட்டியைக் கவனியுங்கள். வழக்கமான வலி என்றால் பரவாயில்லை. வீங்கியிருந்தாலோ, ஒரு நாள் கழிந்தும் வலி கூடுதலாகவே இருந்தாலோ அடுத்த முறை நேரத்தைக் குறைக்க வேண்டும். நான் தினசரிக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைக்கிறேன். போன நவம்பர்த் தாள் ஒன்றில் இப்படி இருக்கிறது: "முந்தாநாள் மழை. செம்மண், புல் மேடு. கோல் ஒரு விரற்கடை. 20 நிமிடம், இரண்டு தடவை உட்கார்ந்தேன். மறுநாள் வீக்கம் இல்லை." அதைப் பார்த்துத்தான் அடுத்த ஞாயிறு 25 நிமிடம் வைத்துக்கொண்டேன்.